கூரைக்குக் கார்ட் போடலாமா?

நல்லூர்த் திருவிழா முடிஞ்சால் எங்கட வீடுகளில அடுத்த கதை மழைதான். ஐப்பசி வர முதல் உடைஞ்ச ஓடு மாத்த வேணும், உக்கின சிலாகை கழட்ட வேணும். சாமானைக் கடையில் கார்ட்டுக்கு வாங்கலாம். மேசனுக்குக் காசுதான் வேணும். அந்த இடத்தில்தான் பலர் கிரெடிட் கார்ட்டை ஏ.டி.எம்மில் போடுகிறார்கள்.

இரண்டும் ஒரே கடன் என்று நினைக்காதேங்கோ. கடையில் வாங்கியதை பில்லில் உள்ள திகதிக்குள் முழுசாகக் கட்டினால் வட்டி இல்லை. காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தனிக் கட்டணமும் உண்டு.

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி விதித்த உச்ச வட்டியைப் பாருங்கோ: கிரெடிட் கார்ட்டுக்கு ஆண்டுக்கு 28 வீதம், நகை அடைவுக்கு 18 வீதம். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் ஒரு வருசம் நின்றால் வித்தியாசம் 10,000 ரூபாய்.

பிறகு ஏன் கார்ட்? அடைவு வைக்கப் போனால் தெரிஞ்ச முகம் நிற்கும். அம்மாவிட்டக் காப்பைக் கேக்க வேணும். ஏ.டி.எம் ஒண்டும் கேக்காது. அந்த 10,000 எங்கட வெக்கத்துக்கு நாங்கள் குடுக்கிற காசு எண்டுதான் நான் சொல்லுவன்.

ஓட்டையும் சீமெந்தையும் கார்ட்டில வாங்குங்கோ, திகதிக்குள்ள கட்டக்கூடிய அளவுக்கு மட்டும். கூலிக்கு வீட்டில வாய் திறந்து கேளுங்கோ. சீட்டு இருந்தால் எடுங்கோ. நாலு நாளில சம்பளம் வந்து அடைப்பன் எண்டால் சரி. மாசி வரைக்கும் இழுக்கும் எண்டால் ஏ.டி.எம் பக்கம் போகாதேங்கோ.