வயல்ல கிடந்த 500 கார்: ஏலத்துல நிஜமாவே யாரு சம்பாதிச்சாங்க?

ஷார்ட்ஸ்ல அடிக்கடி ஒரு வீடியோ சுத்தும். புல்லு முளைச்ச ஒரு பெரிய வயல், வரிசை வரிசையா துருப்பிடிச்ச பழைய அமெரிக்க கார்கள், ஒருத்தர் போய் சல்லிசா ஒண்ணு வாங்குவார். அடுத்த முப்பது செகண்ட்ல அது பளபளன்னு வந்து நிக்கும். கீழே "இது மியூச்சுவல் ஃபண்டை விட பெட்டர் ரிட்டர்ன்"னு நம்ம பசங்களே எழுதுறாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

இந்த மாதிரி கதைகள்ல ரொம்பப் பிரபலமானதையே எடுத்துக்கலாம். அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல பியர்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க ரே லாம்ப்ரெக்ட்னு ஒருத்தர் தன் மனைவி மில்ட்ரெட்டோட 1946-லருந்து 1996 வரை செவ்ரலே டீலர்ஷிப் நடத்தினார். எக்ஸ்சேஞ்சுல வந்த பழைய வண்டிகளைப் பெரும்பாலும் விக்காம வெச்சுக்கிட்டார். விக்காம நின்ன புது வண்டிகளையும் அப்படியே வெச்சார். 2013 செப்டம்பர்ல ரெண்டு நாள் ஏலம். கிட்டத்தட்ட 500 வண்டி. அதுல சுமார் 50 வண்டி 20 மைல்கூட ஓடாதது.

1958 செவ்ரலே கேமியோ பிக்கப் ஒண்ணு, ஓடினது 1.3 மைல். ஒரு தடவை கூரை சரிஞ்சு விழுந்ததுல மேல பள்ளம் வேற. போன விலை 1,40,000 டாலர். இதைத்தான் எல்லா வீடியோவும் காட்டுது.

இப்போ மொத்தக் கணக்கைப் பாருங்க. ஏலத்துல வந்த மொத்தத் தொகை சுமார் 28 லட்சம் டாலர். அதை 500-ஆல வகுத்தா ஒரு வண்டிக்கு 5,600 டாலர். அதுலயும் பெரும்பங்கு உள்ளே இருந்த அந்த ஓடாத வண்டிகளுக்குப் போச்சு. வெளியில, வயல்ல, நடுவுல மரம் முளைச்சு நின்ன வண்டிகள்தான் எண்ணிக்கையில அதிகம். சராசரியைவிட ரொம்பக் கீழ போனதும் அதுங்கதான். "பழசு"ங்கறதுக்காக யாரும் காசு கொடுக்கலை. "தொடாதது"ங்கறதுக்குக் கொடுத்தாங்க. மழையில நின்ன வண்டி ரெண்டாவது வகையில வராது.

சரி, அந்த ஹீரோ வண்டியையே எடுத்துப்போம். 1958-ல அதோட விலை தோராயமா 2,000 டாலர்னு வெச்சுக்கோங்க. 55 வருஷத்துல 1,40,000 ஆச்சுன்னா 70 மடங்கு. கேட்க பிரமாதமா இருக்கு. ஆனா வருஷக் கூட்டு வளர்ச்சியா போட்டா சுமார் 8 சதவீதம்தான். அதே காலத்துல டிவிடெண்டையும் சேர்த்து அமெரிக்கப் பங்குச் சந்தை தந்தது சுமார் 10 சதவீதம். 2,000 டாலர் அந்த வேகத்துல 3.7 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கும். (1958-ல இண்டெக்ஸ் ஃபண்ட் கிடையாதே சார்னு கேப்பீங்க. நியாயம். சாமானியனுக்கு அது கிடைச்சது 1976-லதான். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இந்தக் கணக்கு.) 500 வண்டியில முதல் மார்க் வாங்கினதே இவ்வளவுதான்னா, மத்த 499 என்ன கொடுத்திருக்கும்? இதுல அரை நூற்றாண்டு இடம், காவல், வரி எதையும் நான் கழிக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். அந்த ஏலத்தை டிவி சேனல்ல காட்டினாங்க, ஊரே திருவிழா மாதிரி கூடுச்சு. அந்தக் கூட்டத்துல விலை ஏறினா லாபம் விக்கறவருக்கு. வாங்கினவருக்கு "உள்ளது உள்ளபடி" ஒப்பந்தம், வாரண்டி கிடையாது, லாரி வாடகை தன் தலையில.

அதுக்கப்புறம்தான் நிஜச் செலவே ஆரம்பிக்குது. வருஷக்கணக்கா மண்ணுமேல நின்ன கார்ல முதல்ல போறது அடித்தளத் தகடும் சேஸிஸும். எலி வயரிங்கைத் தின்னுருக்கும், இன்ஜின் பிடிச்சுப்போயிருக்கும். இன்ஜினைக்கூட சமாளிக்கலாம். தகடு வெட்டி வெல்டிங், பெயிண்ட், குரோம், கண்ணாடி, பீடிங் இதெல்லாம்தான் பணத்தை முழுங்கும். இந்த வேலைக்கான கூலி அபூர்வ மாடலுக்கும் சாதாரண மாடலுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால சாதாரண நாலு கதவு செடானைச் சரி பண்ணா, ஆன செலவு அதோட சந்தை விலையைத் தாண்டிடும். அப்படியே வாங்கியே தீருவேன்னா, துரு கம்மியா இருக்கற வண்டியா, உதிரிபாகம் எல்லாம் முழுசா இருக்கற வண்டியா, பேப்பர் சுத்தமா இருக்கற வண்டியா பாருங்க.

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் வாங்கினவர் இல்லை. ஜார்ஜியா மாநிலத்துல ஒயிட்னு ஒரு ஊர்ல 'ஓல்டு கார் சிட்டி'னு ஓர் இடம். 34 ஏக்கர் காடு, 4,000-க்கு மேல பழைய வண்டி. ஒரு காலத்துல பார்ட்ஸ் விக்கற யார்டு. இப்போ டிக்கெட் போட்டு உள்ளே விடுறாங்க, கேமராவோட வந்தா கட்டணம் கூட. துருவைச் சரி பண்ண ஒரு டாலர் செலவில்லை, அந்தத் துருவைப் பார்க்கத்தான் ஜனங்க வர்றாங்க. கேஷ் ஃப்ளோ வருது பாருங்க, அதுதான் சொத்து.

நம்ம ஊருக்கு வருவோம். நெப்ராஸ்காவுல யாரும் கார் வாங்கப்போறதில்லை, தெரியும். ஆனா கான்டெஸா, பிரீமியர் பத்மினி, ஆர்எக்ஸ் 100-னு பர்சனல் லோன் எடுக்கறவங்க இருக்காங்க. 5 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம்னா மாசம் சுமார் 11,600 ஈஎம்ஐ. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். பாதி பிரிச்ச கார் ஷெட்ல நிக்கும்போதும் ஈஎம்ஐ போய்க்கிட்டுதான் இருக்கும். ஆசையா இருக்கா, தாராளமா பண்ணுங்க. எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி போக மிச்சம் இருக்கற காசுல, மெக்கானிக் சொன்ன தொகையை ரெண்டால பெருக்கி. கடன்ல வேண்டாம்.

பேப்பர் விஷயமும் கேக்குறீங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிச்சாகணும். 50 வருஷம் தாண்டி, பெரிசா மாத்தாம இருந்தா 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகக் காரை லாபத்துல வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா நஷ்டத்துல வித்தா அதை உங்க ஷேர் லாபத்தோட கழிக்கவும் முடியாது. வாங்கி, சரி பண்ணி, விக்கறதையே தொடர்ந்து செஞ்சா அது வியாபார வருமானம். அதுக்கு தனி ஐடிஆர் ஃபாரம், அதைப் பத்தி அடுத்த வீடியோவுல பேசலாம்.