காளைக்கு மட்டும் செக்கப்

சம்ரூபா என்று ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. 2009 பிப்ரவரியில் ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்தாள். தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் குளோனிங் முறையில் உருவாக்கிய எருமைக் கன்று. நாடே கைதட்டியது. ஒரு வாரம்கூடத் தாங்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதே வருடம் ஜூனில் கரிமா பிறந்தாள். இரண்டு வருடம் சொச்சம் இருந்தாள். அப்புறம் கரிமா-2. அவள் வளர்ந்து, சினையாகி, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றாள். மறுபடி கைதட்டல். 2023 மார்ச்சில் அதே கர்னாலில் கங்கா என்று ஒரு கிர் பசு. மறுபடியும்.

நான் குளோனிங்குக்கு விரோதி இல்லை. ஒரு செல்லை வைத்து ஒரு முழு எருமையை வரவழைப்பது சாமான்ய வித்தை அல்ல. 1996-ல் டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தபோது, தயார் செய்த 277 கருக்களில் உருப்பட்டது அந்த ஒன்றுதான். நம் ஆட்களும் அதே மாதிரி பொறுமையோடு உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். சபாஷ்.

என் சண்டை வேறு. மாட்டைப் புதுசு புதுசாகப் பிறக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு விழுகிற கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட, பிறக்கவேண்டிய கன்று ஏன் பிறக்காமல் போகிறது என்று தேடுகிற ஆராய்ச்சிக்கு விழுவதில்லை. ஏழு மாதச் சினையில் கன்று வீசிய ஒரு பசுவை எந்த டி.வி-யிலாவது பார்த்ததுண்டா நீங்கள்?

'மாடு கன்னு வீசிடுச்சு' என்பார்கள் கிராமத்தில். பெரும்பாலும் சினையின் கடைசி மாதங்களில், ஒருநாள் விடிகாலை தொழுவத்தில் உயிரில்லாத கன்று கிடக்கும். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கும். கண் பட்டுவிட்டது என்பார்கள், யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்பார்கள். காரணம் பல இருக்கலாம். அவற்றில் முக்கியமான ஆசாமி புருசெல்லா என்கிற பாக்டீரியா. மாடுகளைத் தாக்குகிற ரகத்தை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் 1897-லேயே கண்டுபிடித்துவிட்டார். தமிழில் கன்று வீச்சு நோய்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஏழாம் மாதம் வீசினால் ஏழு மாதத் தீவனம் போச்சு, கன்று போச்சு, அந்த ஈத்துப் பாலும் போச்சு. மாடு வாங்கிய கடன் மட்டும் போகாது.

அதோடு நின்றால் பரவாயில்லையே. வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் அதிலிருந்து வடிகிற நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். பக்கத்து மாடு அதை நக்கும், அது சிந்திய புல்லை மேயும். நம் ஊர்களில் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் உண்டு. ஆலமரம் பால் வடிகிற மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. நாய் இழுத்துப் போகாமல் உயரத்தில் கட்டியதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அள்ளுகிற கைக்கு உறை ஏது? தொழுவத்தைக் கழுவுகிற கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. அந்தக் கையில் ஒரு சின்னக் கீறல் போதும்.

சில வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். போகும். மறுபடி வரும். ராத்திரி தொப்பலாக வியர்க்கும். மூட்டு வலி, இடுப்பு வலி. ஒரு டாக்டர் டைபாய்டு என்பார், இன்னொருவர் டி.பி-யாக இருக்கலாம் என்பார். 'வீட்ல மாடு இருக்காம்மா? சமீபத்துல கன்னு வீசிச்சா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம். மருந்து இருக்கிறது, ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். கேட்கிற டாக்டர் அபூர்வம். நம் நாட்டில் மாட்டு டாக்டருக்கும் மனுஷ டாக்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு அமைச்சகம், வேறு ஃபைல்.

பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மால்டா தீவின் கதையைச் சொல்கிறேன். அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதே காய்ச்சலில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், செத்துப்போன சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்பது 18 வருடம் தெரியவில்லை. காற்றைச் சந்தேகப்பட்டார்கள், சாக்கடையைச் சந்தேகப்பட்டார்கள். 1905-ல் தெமிஸ்டோக்ளீஸ் சாமிட் என்கிற உள்ளூர் டாக்டர், பார்வைக்குக் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். அங்கே இருந்தது கிருமி. மால்டாவில் ஆட்டு மந்தையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். (மெட்ராஸிலும் பால்காரர் மாட்டையே வாசலுக்குக் கொண்டுவந்து கறந்த காலம் உண்டு. பாட்டியைக் கேளுங்கள்.) 1906-ல் ராணுவ முகாமில் அந்தப் பச்சைப் பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களின் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. புது மருந்தும் இல்லை, பெரிய மெஷினும் இல்லை. ஆட்டைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்த சலிப்பூட்டுகிற வேலைதான்.

நம்மிடம் அந்தச் சலிப்பூட்டுகிற வேலைக்கு வழி இல்லையா? இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் மாட்டின் ரத்த நீர் ஒரு துளி, ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றிய கிருமிக் கரைசல் ஒரு துளி. கலந்து நாலு நிமிஷம் ஆட்டிப் பார்த்தால், திட்டுத்திட்டாகத் திரண்டால் சந்தேகம் உறுதி. பத்தாம் வகுப்பு படித்தவருக்கு ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இந்தச் சோதனை யாருக்கு ஒழுங்காக நடக்கிறது தெரியுமா? காளைக்கு. உறைவிந்து நிலையங்களில் இருக்கிற காளைகளுக்கு காசநோய், புருசெல்லா என்று வரிசையாக, குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனை செய்தே ஆகவேண்டும் என்பது விதி. நல்ல விதி. மாஸ்டர் செக்கப் மாதிரி ராஜ வைத்தியம். அந்தக் காளையின் விந்து குச்சியில் அடைபட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மிதந்து, ஊர் ஊராகப் போகிறது. சினை ஊசி போட்டுக்கொள்கிற பசுவை யாரும் எதுவும் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் ஜாதகம் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை முடிக்கிறோம். இந்த நோய் பரவுவதே பெரும்பாலும் பெண் மாட்டிலிருந்து என்பது அந்த ஜாதகக்காரர்களுக்கும் தெரியும்.

அந்தக் குச்சியிலும் இப்போது புது மோகம் வந்திருக்கிறது. பெண் கன்றாக மட்டும் பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்து. எக்ஸ் விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் கூடுதல். அந்தத் துளியூண்டு வித்தியாசத்தை லேசர் வெளிச்சத்தில் கண்டுபிடித்துப் பிரிக்கிறது மெஷின். பத்தில் ஒன்பது பெண் கன்று. ஊட்டியில்கூட ஒரு நிலையம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் இதற்கான உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைப் பிரதமரே தொடங்கி வைத்தார். (மனுஷ வீட்டில் ஆண் குழந்தை, மாட்டுத் தொழுவத்தில் பெண் கன்று. நம் பிரார்த்தனைகளைச் சாமி குழம்பாமல் எப்படி வைத்துக்கொள்கிறதோ!)

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த விந்துக் குச்சி கடைசியில் போய்ச் சேருமிடம் ஒரு கிராமத்துத் தொழுவம். அதை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து இளக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தே இளக்குகிறவர்கள் உண்டு. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் வந்ததற்கு மறுநாள் காலை என்பது பாலபாடம். ஊசி போடுகிறவர் நாலு கிராமத்துக்கு ஒருத்தராக இருந்தால் பாலபாடம் பஸ் டைம்டேபிளைப் பொறுத்தது. ஒருமுறை தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். மூன்று முறை தவறினால் இரண்டு மாதம் சும்மா தீனி. சினை பிடிக்காமல் போவதற்குத் தாது உப்புக் குறைவா, கர்ப்பப்பையில் சீழா, நேரம் தவறியதா, குச்சி செத்துவிட்டதா என்று ஒவ்வொரு மாடாகப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் போட்டோ வராது.

சரி, பசுவுக்கும் சோதனை நடந்தது, திட்டுத்திட்டாகத் திரண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன? இங்கேதான் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மாட்டுக்கு இந்த நோய்க்கு நடைமுறையில் வைத்தியம் கிடையாது. வெளிநாடுகளில் கண்டுபிடித்த மாட்டைக் கொன்றுவிட்டு, உரிமையாளருக்குப் பணம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா 1970-ல் தொடங்கி, 1989-ல் மாடுகளிடம் இந்த நோயே இல்லை என்று அறிவித்தது. இங்கே பல மாநிலங்களில் பசுவைக் கொல்ல முடியாது. கொல்ல முடிகிற இடத்திலும் ஒற்றை மாட்டுக்காரர் ஏன் சம்மதிக்கப் போகிறார்? அவர் கணக்கு ரொம்பத் தெளிவானது. சோதித்தால் நஷ்டம் அவருக்கு. சோதிக்காவிட்டால் சந்தைக்கு ஓட்டலாம்.

ஓட்டுகிறார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கிறது. வாங்குகிறவர் பல் பார்ப்பார், மடி பார்ப்பார், சுழி பார்ப்பார். புருசெல்லாவுக்குச் சுழி கிடையாது. கைமாறிய மாடு இன்னொரு தொழுவத்தில், இன்னொரு பெண்ணின் கையில் கன்று வீசும். விற்றவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேறு வழி எதையும் வைக்காமல், கருத்தரங்கில் 'விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை' என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள் மேல்தான் வருகிறது. விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது, சார். காசு போகும் என்கிற விழிப்புணர்வு. பறவைக் காய்ச்சலில் கோழியை அழித்தால் தலைக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு கொடுக்கத் தெரிகிற அரசாங்கம், இந்த மாட்டுக்காரரிடம் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றால் பொய். 2019 செப்டம்பரில் மதுராவில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய். 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி. இலவசம். கோடிக்கணக்கில் போட்டும் இருக்கிறார்கள். அது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி, கை தவறித் தன்னையே குத்திக்கொண்டால் போடுகிறவருக்கே நோய் வரும். அந்த அபாயத்தோடு தொழுவம் தொழுவமாகப் போகிற கால்நடை உதவியாளருக்கு ஒரு சலாம். ஆனால் கன்றுக்கு ஊசி போட்டால் அது பெரிசாகும்போதுதான் பலன். இன்றைக்குக் கிருமியோடு நிற்கிற பெரிய மாடு அப்படியேதான் நிற்கிறது, சந்தைக்குக் காத்துக்கொண்டு.

'இந்தியாவில் இதெல்லாம் நடக்காது' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. மந்தை மந்தையாக மாடுகளைச் சாய்த்தது. 1920-களில் முக்தேஷ்வர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் கிருமியை ஆட்டில் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி செய்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ஊசிக்காரர்கள் ஐஸ் பெட்டியோடு அலைந்தார்கள். இந்தியாவில் 1995-க்குப் பிறகு அந்த நோய் வரவில்லை. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. மனித குலம் முழுசாக ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய், பெரியம்மைக்கு அடுத்தது. பெயர் வைத்துக் கொண்டாட அதில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன? பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குகிறார்கள், அதில் இந்தக் கிருமி செத்துப்போகும். நீங்களும் காய்ச்சிக் குடிக்கிறீர்கள். ரொம்ப சரி. ஆனால் இப்போது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு புது ஞானம் உலவுகிறது. கண்ணாடி பாட்டிலில் நாட்டு மாட்டுப் பால், காய்ச்சினால் சத்து போய்விடும், பச்சையாகக் குடியுங்கள் என்று. பாட்டில்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாட்டுக்கு புருசெல்லா சோதனை செய்தாயிற்றா? அவர் நாட்டு மாட்டின் திமிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வீட்டுக்குப் போய்ப் பாலை நன்றாகக் காய்ச்சுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். 12 இலக்க எண், மாட்டு ஆதார். போட்ட தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. கன்று வீசிய மாட்டின் ரத்தச் சோதனை முடிவையும் அதிலேயே ஏற்றினால், சந்தையில் மாடு வாங்குகிறவர் துண்டை விரிப்பதற்கு முன் செல்போனில் எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. நோயுள்ள மாட்டை அரசாங்கமே நியாய விலைக்கு வாங்கி, தனியாக ஒரு கொட்டிலில் வைத்து, சாகும்வரை தீனி போட வேண்டும். கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள்தான் அந்தத் தீனிக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். அதை முதலில் செய்யாமல் கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்றினால், மாட்டுக்காரர் வில்லையை அறுத்து எறிந்துவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்புவார்.