குழாயும் கசகசாவும்

திண்டுக்கல் பூட்டாயிருந்தால் சாவியை நுழைத்துப் பார்த்துவிடலாம். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உள்ளே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள், சகோதரிகளே! (மாமியார்மார் மருமகளோடு தம் பிள்ளையையும் பரிசோதனைக்கு அனுப்பினால் புண்ணியமாய்ப் போகும்.)

அம்மருந்துகளில் ஒன்று லிப்பியோடால். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதன் எண்ணெயில் அயோடின் சேர்த்து 1901-இல் பிரான்சில் மார்செல் கெர்பே உருவாக்கினார். அவர் மகன் 1926-இல் தொடங்கிய கம்பெனி இன்று பல தேசங்களில் அதை விற்கிறது.

ஹாலந்தில் 1,119 பெண்களிடம் ஆராய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். எண்ணெய் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் ஆறு மாதத்திற்குள் கருவுற்றார்களாம். தண்ணீரில் கரையும் மருந்து பெற்றவர்களில் 29 பேர்தான். சோதனையே வைத்தியமான வேடிக்கையைப் பாருங்கள்!

தைராய்டு தொந்தரவு இருந்தால் மட்டும் கூச்சப்படாமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அயோடின் அல்லவா? பிறகு கருவுற்றால், இந்த எண்ணெய் செலுத்தியதைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லுங்கள். குழந்தையின் தைராய்டையும் அவர் கவனிக்க வேண்டியிருக்கும்.