ஒரே மூட்டு, ஊருக்கு ஒரு வழக்கா?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கணும்.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம் டிப்யூ தயாரிச்ச ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு ஞாபகம் இருக்கா? உலோகத்தோட உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்துல கலந்து, பலருக்கு மறுபடியும் ஆபரேஷன். 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இதைப் பொருத்தியிருந்தார்கள்.

அமெரிக்காவில் என்ன செஞ்சாங்க? ஒரே மாதிரி வழக்குகள் பல ஃபெடரல் கோர்ட்டுகளில் சிதறிக் கிடந்தா, ஏழு நீதிபதிகள் குழு ஒன்று அதையெல்லாம் ஒரே நீதிபதிகிட்ட அனுப்பலாம். 1968லேயே வந்த சட்டம் இது. ஏ.எஸ்.ஆர். வழக்குகள் அப்படித்தான் ஒஹையோவுக்குப் போச்சு. கம்பெனியோட ஆவணங்களை ஒரு தடவை தோண்டி எடுத்தா ஆயிரக்கணக்கான பேருக்கும் அதே சாட்சியம். 2013 நவம்பரில் சுமார் 250 கோடி டாலருக்குக் கம்பெனி இறங்கி வந்தது.

இங்கே? நிபுணர் குழு போட்டதே 2017-ல். 2018-ல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடுன்னு மத்திய அரசு சொல்ல, கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றம் போச்சு. 2019 மே மாதம், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர சம்மதிச்சது. எல்லாருக்கும் மூட்டு பழுதாகலைன்னே வெச்சுக்குவோம். அதுக்காக 4,700 எங்கே, 67 எங்கே?

நாளைக்கு இன்னொரு கருவி பழுதானா, எங்க வேப்பம்பட்டுக்காரர் மின்சார ரயில் ஏறி திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும். நாகர்கோவில்காரர் நாகர்கோவில் ஆணையத்துக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா நிபுணரைத் தேடணும், தனித்தனியா ஆவணம் கேட்டு மனு போடணும். கம்பெனிக்கோ ரெண்டு இடத்திலும் ஒரே வக்கீல் படை!

2019 நுகர்வோர் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயம் இருக்கு. ஆணையம் அனுமதிச்சா பலருக்காக ஒருத்தர் புகார் தரலாம். மனு போட்டா ஒரு வழக்கை இடம் மாத்தவும் வழி உண்டு. ஆனா ஊர் ஊராப் போட்ட வழக்குகளைத் திரட்டி, ஆவணமும் சாட்சியமும் ஒரே இடத்தில் எடுக்க நிரந்தர ஏற்பாடு எங்கே?

"சேர்த்துத்தானே போபால்ல கவுத்தாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 1985 சட்டத்தால் எல்லாருடைய வழக்கும் அரசு கைக்குப் போச்சு. 1989-ல் பாதிக்கப்பட்டவங்களைக் கேக்காமலேயே 47 கோடி டாலருக்கு முடிச்சாங்க. நான் கேக்கறது அது இல்லை. அமெரிக்க முறையில் வழக்கு அவரவர் பேரிலேயே இருக்கும். சமரசம் பிடிக்கலைன்னா விசாரணைக்குத் தன் பழைய கோர்ட்டுக்கே திரும்பலாம். அங்கேயும் இழுத்தடிப்பு உண்டு, வக்கீல் பங்கும் பெருசுதான். அந்தக் கோளாறையெல்லாம் தள்ளிட்டு நல்லதை எடுத்துக்குவோமே.

சாட்சியம் பொதுவா இருக்கட்டும். சமரசத்துக்குச் சரின்னு சொல்ற உரிமை மட்டும் அவரவர் கையில் இருக்கணும். உடம்பு அவங்களோடதுங்க!

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. சட்டம் படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்தில் வந்து தாராளமா கும்முங்க.