மகளை மக்களாக்கும் விசை

ஆய்வேட்டில் எழுத்துப்பிழை மலிந்திருந்தால் தமிழ் ஆய்வுலகில் இரண்டு தீர்ப்புகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. மாணவருக்குத் தட்டச்சில் கவனமில்லை என்பது ஒன்று. லினக்ஸ் தமிழுக்கு ஒத்துவராது என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்புகள்.

குர்லாவில் அறை எடுத்துத் தங்கி, ஒருபுறம் கலினா வளாகத்துக்கும் மறுபுறம் ஹார்பர் லைனில் கோவண்டிக்கும் போய்வரும் ஆய்வு மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினி, உரிமத்துக்குச் செலவிட இயலாததால் அதில் உபுண்டு. தாராவித் தமிழரிடம் பதிவுசெய்த நேர்காணல்களை இரவில் எழுத்தாக்குகிறார். ஒரு தாய் 'என் மகள்' என்கிறாள். திரையில் 'என் மக்கள்' என்று விழுகிறது. சொல்திருத்தி வாய்திறக்கவில்லை. 'மக்கள்' சரியான சொல்தானே!

இதற்கான காரணம் தமிழ்99 விசைப்பலகையின் சிறப்பிலேயே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற இவ்வமைப்பில், ஒரே மெய்யின் விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்தில் புள்ளி தானே விழும். ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க'. ஆனால், விரல் இருமுறை தட்டியதா, ஒருமுறை அழுத்திய விசை கணினியால் மீட்டப்பட்டதா என்பதை உள்ளீட்டு மென்பொருள் பிரித்தறிவதில்லை. எனவே விரல் சற்றே தங்கினால் 'பாடு' 'பாட்டு' ஆகிறது. 'எடு' 'எட்டு' ஆகிறது. ஆங்கிலத்தில் விசை மீட்டல் வேகம் வசதி சார்ந்த விஷயம். மெய் இரட்டிப்பு பொருளையே மாற்றும் தமிழில் அது எழுத்திலக்கணச் சிக்கல்.

இதற்கு லினக்ஸ் ஆர்வலர்கள் தரும் விடையும் போதாது. 'எக்ஸ்செட் கட்டளையில் ஒரு வரி போடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளை எக்ஸ் சர்வருக்கு உரியது. வேலண்டில் மீட்டலின் தாமதத்தையும் வேகத்தையும் கம்பாசிட்டர் அறிவிக்க, செயலிகளே மீட்டலைச் செய்கின்றன. அங்கே அந்த வரி பயன்தராது. எக்ஸ் சர்வரிலும்கூட, யுஎஸ்பி விசைப்பலகையைக் கழற்றி மாட்டினால் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். இதைவிடக் கேடானது, தாமதத்தை 200 மில்லிவினாடிக்குக் குறைக்கச் சொல்லும் நிரலாளர் அறிவுரை. க்னோமின் இயல்புத் தாமதம் 500 மில்லிவினாடி. சுட்டியை விரைந்து நகர்த்த விரும்புபவருக்குக் குறைந்த தாமதம் நன்மைதான். எழுத்தைத் தேடித் தேடித் தட்டுபவருக்கு அது பிழை விளைவிக்கும் பொறி.

நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுப்பதில் பொருளில்லை. எவ்டெஸ்ட் என்னும் சிறு கருவியை நிர்வாகி உரிமையுடன் இயக்கி ஒரு விசையை அழுத்தினால் விடை தெரியும். அழுத்தத்துக்கு 1, விடுவிப்புக்கு 0, மீட்டலுக்கு 2. ஒரே அழுத்தலுக்கு 1-0-1-0 என்று வந்தால் விசையின் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. மீட்டல் வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் தீராது. 1-ஐத் தொடர்ந்து 2 வந்தால் அது மீட்டல். தாமதத்தைக் கூட்ட வேண்டும். எக்ஸ் சர்வரில் மெய்யெழுத்து விசைகளுக்கு மட்டும் மீட்டலை நிறுத்திவிட்டு, அழிக்கும் விசைக்கும் அம்பு விசைகளுக்கும் விட்டுவைக்கவும் முடியும். தேய்ந்த விசைக்கு மாற்றாக, அணுகல்வசதிப் பகுதியில் உள்ள, அடுத்தடுத்த தட்டல்களைப் புறக்கணிக்கும் அமைப்பைச் சிலர் இயக்குகிறார்கள். அதன் கால அளவு கூடுதலாக இருந்தால் கேடு தலைகீழாகும்: வேண்டுமென்றே இருமுறை தட்டிய 'மக்கள்' 'மகள்' ஆகிவிடும்.

விசைப்பலகையைப் பழுதுபார்ப்பது பேராசிரியரின் வேலையா என்று கேட்கலாம். ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 'மககள' என்றிருப்பதை எப்படிப் படிப்பது என்று வாதிடாமல் பதிப்பாசிரியர் எவரும் கடந்துபோனதில்லை. ஏடெழுதியவரின் கை, ஓலையின் தன்மை, படியெடுத்த முறை ஆகிய அனைத்தும் பாடபேத ஆய்வின் பகுதிகள். சுவடியில் விடுபட்ட புள்ளிக்கு இத்தனை மரியாதை அளிக்கும் துறை, கணினி தானாக இட்ட புள்ளியை மாணவரின் அசட்டை என்று தள்ளுவது எந்த நெறி?

பிழை ஆய்வேட்டோடு நிற்பதுமில்லை. நேர்காணல் எழுத்தாக்கங்கள் சொற்றொகுதிகளில் சேர்கின்றன. அவற்றிலிருந்து சொல்வருகைக் கணக்குகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் அகராதிச் சொற்களாக இருப்பதால் எந்தத் தானியங்கிச் சரிபார்ப்பும் இதைப் பிடிக்காது. மூல ஒலிப்பதிவோடு ஒப்பிட்டால் மட்டுமே தெரியும்.

ஆகவே ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்கப்பட வேண்டும். எந்த விசைப்பலகை அமைப்பு, எந்த உள்ளீட்டு மென்பொருள், எவ்வளவு தாமதம் என்பன எழுத்தாக்கக் குறிப்பில் இடம்பெற வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு அடுக்கையும் திறந்து பார்க்க வழி இருக்கிறது. பார்க்க மறுத்துவிட்டு அதைக் குறைகூறுவது ஆய்வாளருக்கு அழகன்று. தாராவியில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொன்னதை மக்களைப் பற்றிச் சொன்னதாக மாற்றி எழுதும் உரிமை எந்தக் கணினிக்கும் இல்லை. அதைப் பாராமல் கையொப்பமிடும் உரிமை எந்தத் துறைக்கும் இல்லை.