ராக்கெட் பறக்கும் நாளில் கரையில் நிற்கும் படகுகள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாட்களில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வரும் கூட்டம் அதிகமாகிவிடுகிறது. கடற்கரையில் நின்றால் நெருப்பைக் கக்கியபடி ராக்கெட் மேலெழுவது தெரியும். சற்று நேரம் கழித்து அதன் முழக்கம் வந்து சேரும். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதே கரையில் படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன.

ஏவுதல் நாளில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. பாதுகாப்புக்கு அது அவசியம்தான். ஆனால் அன்றைய வருமானம் போய்விடுகிறது. 2024-ல் மட்டும் இஸ்ரோ அங்கிருந்து ஐந்து ராக்கெட்டுகளை ஏவியது. அதில் டிசம்பர் 4 அன்று புறப்பட வேண்டிய பிஎஸ்எல்வி சி-59, கடைசி நேரத்தில் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. விஞ்ஞானிகளுக்கு அது ஒரு நாள் தாமதம். அன்றாடம் பிடித்து அன்றாடம் விற்கும் வீட்டுக்கோ இன்னொரு நாள் உலை கொதிப்பதே கேள்வி.

1969-ல் இந்தத் தீவு ஏவுதளத்துக்காகத் தேர்வு செய்யப்பட்டது. யானாதி பழங்குடியினர் உட்பட அங்கே வாழ்ந்த பலர் இடம்பெயர நேர்ந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து எஸ்எல்வி-3 வெற்றிகரமாகப் பறந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் ராமேஸ்வரத்தின் அப்துல் கலாம். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர், செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகார் ஷாஜி. 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலும் நடந்து முடிந்தது.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் நேரில் பார்த்து அறிய இன்று வழி இருக்கிறது. பார்வையாளர் வளாகத்தில் விண்வெளி அருங்காட்சியகமும் ராக்கெட் பூங்காவும் உள்ளன. சுமார் 5,000 பேர் அமரும் காட்சிக்கூடம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஏவுதலைப் பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால் அறிவிப்பு வந்ததும் பதிவு செய்வது நல்லது. மகன்களோடு மகள்களையும் அவசியம் அழைத்துச் செல்வோம். செங்கோட்டைப் பெண்ணால் முடிந்தது நம் வீட்டுப் பெண்ணாலும் முடியும்.

ஆனால் ஏரிக்கரைப் பிள்ளைகளின் நிலை வேறு. கண்ணுக்கெட்டும் தூரத்தில் ராக்கெட் பறந்தாலும், அந்த வளாகத்துக்குப் போக அவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆந்திராவின் சூளூர்பேட்டை வழியாகத்தான் செல்ல வேண்டும். இணையப் பதிவு, வாகனச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்ந்தால் எத்தனை மீனவக் குடும்பங்களால் அது முடியும்?

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஏவுதலுக்காகக் கடலுக்குப் போக முடியாத ஒவ்வொரு நாளுக்கும், தள்ளிப்போன நாள் உட்பட, மீனவர்களுக்கு நிவாரணம் வேண்டும். ஏரிக்கரைப் பள்ளிகளின் மாணவர்களுக்குக் காட்சிக்கூடத்தில் தனி இடமும் அரசுப் பேருந்தும் ஒதுக்க வேண்டும. அருங்காட்சியகத்தில் இந்த ஏரியின் கதையும், இடம்பெயர்ந்த மக்களின் கதையும் தமிழிலும் தெலுங்கிலும் இடம்பெற வேண்டும்.

இது பழவேற்காட்டோடு முடியும் விஷயம் அல்ல. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றிப் போகாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால் சிறிய ராக்கெட்டுகளுக்கு அது ஏற்ற இடம். ஆனால் அங்கும் மணப்பாடு போன்ற மீனவ ஊர்கள் அருகிலேயே உள்ளன. நமக்கு நன்கு தெரிந்த காயல்பட்டினமும் அதே கரையில்தான் இருக்கிறது. பழவேற்காட்டில் அரை நூற்றாண்டாகத் தீராத கணக்கை, குலசையில் முதல் ராக்கெட் பறக்கும் முன்பே பேசித் தீர்ப்பதுதான் நியாயம்.