கொக்கி அப்புறம், முதலில் எஞ்சின்

மழைக்காலத்தில் நின்றுபோன கார்களை இழுக்கலாம் என்று பழைய ஸ்கார்ப்பியோ, பார்ச்சூனர் வாங்கிக் கொக்கி மாட்டத் துடிக்கும் தம்பிகளே, அந்த வண்டியே ஒருநாள் வெள்ளத்தில் நின்றதா என்று பார்த்தீர்களா? 2015 டிசம்பரில் அடையாறு பெருகியதை நம் ஈக்காட்டுத்தாங்கல் மறக்காது. 2023இல் மிக்ஜாம் வேறு.

தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்தால் வண்டி ஓடத்தான் செய்யும் (விற்பவருக்கு அது போதுமே!). பாரம் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆயிலை மாற்றி, சீட்டைக் கழுவியிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை தெரியலாம். நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கொக்கியைச் சேசிஸில் மாட்டுங்கள். பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும்.